ங்கோசியின் விதையை நான் கறி வைத்த கதை

1

கனடாவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் நிறைந்த அன்று, பக்கத்து வீட்டுக்காரியின் விதையைக் கறி வைத்துத் தின்றேன். விதைநெல்லைக் குத்தித் தின்றவள் என்று ஊரில் யாரையாவது திட்டினால் அது வெறும் பேச்சு. நான் உண்மையாகவே செய்தேன். தேங்காய்ப்பால் விட்டு, கறிவேப்பிலை தாளித்து, வீட்டில் வறுத்த தூள் போட்டுச் செய்தேன். கறி நல்ல ருசியாகவும் இருந்தது. அதை நினைக்கத்தான் இன்னும் கூட வெட்கமாக இருக்கிறது.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்ள முன் என் பக்கத்தையும் கேளுங்கள். நான் குருநகர்க்காரி. அப்பா கடலுக்குப் போனவர். மீனின் செவுளை விரித்துக் காட்டினால் அது எத்தனை மணிக்குக் கரைக்கு வந்தது என்று சொல்லிவிடுவேன். விதை எது, சமைக்கிற கடலை எது என்று கேட்டால் முழிப்பேன். என் கணவர் இளவாலை, தலைமுறையாகத் தோட்டம் செய்த குடும்பம். அவர் அன்று வீட்டில் இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திராது. ஓவர்டைம் என்று பிக்கரிங்கில் உள்ள வெயர்ஹவுசுக்கு விடியவே போய்விட்டார்.

நாங்கள் இருப்பது ஸ்காபரோவில் ஒரு டவுன்ஹவுஸ் வரிசையின் கடைசி வீடு. அடுத்த வீட்டில் ங்கோசி. நைஜீரியாக்காரி. முதியோர் இல்லம் ஒன்றில் தாதி. என்னைவிட ஐந்தாறு வயது குறைவு. பள்ளிக்கூடத்தில் ங வரிசையைச் சிலேட்டில் எழுதி எழுதி அழித்த காலத்தில், இந்த எழுத்தால் ஆருக்கு என்ன பிரயோசனம் என்று நினைத்திருக்கிறேன். அந்த எழுத்தில் பெயர் தொடங்கும் ஒரு மனுஷியைக் காண ரொறன்ரோவுக்கு வர வேண்டியிருந்தது.

அவர்கள் ஊரில் பிள்ளையின் பெயரோடு சேர்த்துத்தான் தாய் தகப்பனைக் கூப்பிடுவார்களாம். எங்கள் மகள் ஷெரின். ஆகவே நான் 'மாமா ஷெரின்', அதாவது ஷெரினின் அம்மா. என் கணவர் 'பாப்பா ஷெரின்'. ஐம்பத்தாறு வயது மனுஷனைப் பாப்பா என்று கூப்பிட அவர் திரும்பிப் பார்ப்பதைக் காண எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

நானும் அவளும் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். அவளுடையது ஓடும், என்னுடையது நொண்டும். இங்கே அவள் பேச்சை நம்முடைய தமிழில் எழுதுகிறேன். என் காதுக்குள் அது அப்படித்தான் விழுகிறது.

2

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அயல்வீட்டில் இருந்து பாத்திரத்தில் ஏதாவது வந்தால், அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். சீனியாவது போட்டுக் கொடுப்போம். ங்கோசி குடிவந்த புதிதில் நான் ஒரு ஐஸ்கிறீம் பெட்டியில் கத்தரிக்காய்ப் பால்கறி கொடுத்தேன். நாலு நாளில் பெட்டி சிவப்புச் சோற்றோடு திரும்பி வந்தது. நான் இடியப்பக் கொத்து வைத்து அனுப்பினேன். அது பயறு அரைத்து அவித்த ஒரு பண்டத்தோடு வந்தது. இப்படி ஒன்றரை வருஷமாக அந்தப் பெட்டி இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்தது.

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வேலையால் வந்தபோது பெட்டி வாசலில் இருந்தது. திறந்தால் இரண்டு சிறங்கை அவரைக்கொட்டை. கோப்பிக் கலரில், காடை முட்டையைப் போலப் புள்ளி புள்ளியாக. போனில் அவளுடைய செய்தி: "உங்கட வாசல்லை கொட்டை வைச்சிருக்கிறன். ஒட்டாவாவிலை ட்ரெயினிங். ஞாயிற்றுக்கிழமை வந்து கதைக்கிறன்."

சமைக்க நேரமில்லாமல் பச்சையாகத் தந்துவிட்டாள் என்று நினைத்தேன். பாவம், பிள்ளைக்கு எவ்வளவு வேலை.

அடுத்த நாள் சனிக்கிழமைதான் நான் வந்திறங்கிய நாள். வருஷா வருஷம் அன்றைக்கு ஏதாவது விசேஷமாகச் சமைப்பேன். முதல் நாளே இந்த நாடு என்னை ஒரு மேசைக்கு முன்னால் இருத்தி வைத்தது. அம்மா கட்டித் தந்த ஒடியல் மாவை எயார்போட்டில் பிரித்து, இது என்ன என்று கேட்டார்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்தது என்று சொல்ல அன்று என்னிடம் ஆங்கிலம் இல்லை. "ட்ரீ பவுடர்" என்றேன். மூன்று பேர் வந்து முகர்ந்து பார்த்தார்கள். ஒரு நாயும் வந்தது. நாய்தான் முதலில் என்னை நம்பிவிட்டுப் போனது.

அந்த நாளின் ஞாபகமாக இந்த முறை என்ன சமைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, பெட்டி தேடி வந்தது போல இருந்தது. கொட்டையைச் சுளகில் போட்டுப் புடைத்தேன். சூம்பினது, நெளிந்தது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் பொறுக்கிப் பின்பக்கம் எறிந்தேன். நல்லதைத் தண்ணீரில் ஊறப் போட்டேன். அடுத்த நாள் பிரஷர் குக்கரில் விசிலுக்கு மேல் விசில். லேசில் அவியாத சாமான். மூன்று மணித்தியாலம் மல்லுக்கட்டித்தான் பதமாக்கினேன்.

ஷெரின் ஒஷாவாவில் அறை எடுத்துப் படிக்கிறாள். ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வரலாம். அசைன்மென்ட் என்று சொல்லி, கேக் படம் ஒன்று அனுப்பினாள். படம் தெரிந்த போனைக் குசினி மேசையில் வைத்துவிட்டு நானும் அவருமாகச் சாப்பிட்டோம். அவர் பசியில் தட்டைப் பார்க்காமலே சாப்பிட்டார். மிச்சத்தில் பாதியைப் பெட்டியில் போட்டு, ஞாயிறு மத்தியானம் ங்கோசியின் வாசலில் வைத்தேன். வெறுமையாகக் கொடுக்கலாமோ?

3

பின்னேரம் பெட்டியும் கரண்டியுமாக வந்தாள். வாயில் இன்னும் கறி.

"மாமா ஷெரின், மறைக்காமல் சொல்லுங்கோ. எந்தக் கடை?"

"என்ன கடை?"

"ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டன். எங்கட வீட்டு ருசி. இஞ்சை இந்த ஒக்பொடுடுக் கொட்டை விக்கிற கடை எனக்குத் தெரியாமல் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "கடையோ? நீர் தந்ததுதானே. வாசல்லை வைச்சிட்டுப் போனனீர்."

கரண்டி வாய்க்கும் பெட்டிக்கும் நடுவில் நின்றது.

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்தான்," என்றேன், கெட்டிக்காரி போல.

அவள் படியில் இருந்துவிட்டாள். அது நடுவதற்கு வைத்த விதையாம். அவள் வீட்டுப் பின்பக்கம் மேப்பிள் மரத்து நிழல், எங்கள் வேலியில்தான் வெயில். என் கணவரோடு சேர்ந்து நடலாம் என்று கொண்டுவந்து வைத்திருக்கிறாள். ஏப்ரலில் ஊருக்குப் போனபோது அவளுடைய அக்கா தந்த விதை. அந்தப் புள்ளி விழுந்த சாதி அவர்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறதாம். எயார்போட்டில் மறைக்காமல் சொல்லி, படிவம் நிரப்பி, இரண்டு மணித்தியாலம் குந்தியிருந்து கொண்டுவந்தவள். அவளை இருத்திய மேசைக்கும் என்னை இருத்திய மேசைக்கும் இடையில் இருபத்திரண்டு வருஷம். அவள் தப்ப வைத்துக் கொண்டுவந்ததை நான் குக்கரில் போட்டிருந்தேன்.

"அக்காவிட்டைச் சொல்லி இன்னும் கொஞ்சம் எடுப்பிக்க ஏலாதோ?"

"பாப்பம்," என்றாள். பெட்டிக்குள் ஒருமுறை பார்த்தாள். "ருசியாய்த்தான் இருந்தது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் வேலிப்பக்கம் வரவில்லை. காரில் ஏறும்போது கை காட்டுவாள், அவ்வளவுதான். சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும், குருநகரில் வளர்ந்தவள். வாயைத் திறக்காதவளோடு என்ன செய்வது? வேலையிலும் மனம் ஓடவில்லை. நான் மூக்குக்கண்ணாடி வில்லை தேய்க்கும் இடத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க வில்லையில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிற எனக்கு, கைநிறைய இருந்தது விதை என்று தெரியவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

4

அவளுடைய விதையை எப்படியாவது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், எனக்கு வேறு யோசனையே இல்லை. மிசிசாகா வரைக்கும் போய் ஆபிரிக்கக் கடைகளில் தேடினோம். ஓரிடத்தில் அதே பெயரில் ஒரு பை கிடைத்தது. ஆனால் வெள்ளை, புள்ளியில்லை. என் கணவர் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்து, "உது கிழடு தட்டினது. முளையாது," என்றார்.

திரும்பி வரும்போது காரை மெதுவாக்கிக்கொண்டு கேட்டார்.

"நீர் அண்டைக்குப் புடைச்சனீரோ?"

"புடைக்காமல் ஆர் சமைக்கிறது?"

"கழிச்சதை எங்கை கொட்டினனீர்?"

பதில் சொல்ல முதல் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் நான் கழிக்கும் எதுவும் குப்பைப் பெட்டிக்குப் போவதில்லை. பின்படியால் குருவிக்கு எறிவேன். ஊர்ப் பழக்கம். அவர் எத்தனையோ முறை பேசியும் விடவில்லை.

வந்த கையோடு இரண்டு பேரும் முழங்காலில் நின்று புல்லைக் கிளறினோம். முழங்கால் படிந்த அந்த நேரத்தில் ஒரு செபமும் சொன்னேன், தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாருக்கு. எட்டு நாளாகியிருந்தது. நடுவில் மழையும் பெய்திருந்தது. இந்த ஊர்க் கறுத்த அணில்கள் முக்கால்வாசியைத் தின்றிருக்க வேண்டும். நம்மூர் அணிலின் முதுகைத் தடவிவிட ஒரு ராமர் இருந்தார். இதுகளைத் தடவி வளர்க்க ஒருவரும் இல்லை, அதுதான் மரியாதை தெரியவில்லை. படிக்கட்டின் வெடிப்புக்குள்ளும் புல்லின் அடியிலும் கிளறிக் கிளறி ஒன்பது விதை எடுத்தோம். எல்லாம் சூம்பல்.

அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து நாலைத் தள்ளினார். மீதி ஐந்தின் தோலை நகவெட்டியால் லேசாகச் சுரண்டி, ஈரத்துணியில் சுற்றி, சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார். ஆறாம் நாள் ஒன்று முளை விட்டது. எட்டாம் நாள் இன்னொன்று. பெயின்ற் வாளி ஒன்றின் அடியில் ஓட்டை போட்டு, அதற்குள் மண் நிரப்பி நட்டார். நிலம் இன்னும் குளிர், வாளி என்றால் வெயிலில் சூடேறும் என்றார். ஒன்றை முயல் கடித்துவிட்டது. கடைசியில் எங்களிடம் இருந்தது ஒரேயொரு கொடி.

அது மூன்று இலை மூன்று இலையாக விட்டு வேலியைப் பிடித்த பிறகுதான் ங்கோசியைக் கூப்பிட்டேன். வந்தாள். குனிந்து ஒரு இலையை இரண்டு விரலால் பிடித்து, திருப்பி, அடிப்பக்கம் பார்த்தாள்.

"இதேதான்," என்றாள். "எங்காலை?"

"நான் கழிச்சு எறிஞ்சது."

"மாமா ஷெரின், நீங்கள் நல்லதைத் திண்டிட்டு, கூடாததை நட்டிருக்கிறியள்."

சொல்லிவிட்டு வேலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள். நிறைய நாளைக்குப் பிறகு நின்றாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

5

ஆவணி முடியும் மட்டும் கொடி வளர்ந்தது, வளர்ந்தது, வளர்ந்துகொண்டே இருந்தது. என் கணவர் வேலிக்கு மேலே மூங்கில் கட்டினார். அதற்கும் மேலே போய்விட்டது. பூவில்லை. இலை மட்டும் ஆடு கண்டால் பைத்தியம் பிடிக்கிற மாதிரி. ங்கோசி விரல்விட்டு எண்ணினாள். அவளுடைய ஊரில் விதைத்து அறுக்க ஆறேழு மாதம் வேண்டுமாம். எங்களிடம் மிச்சம் இருந்தது உறைபனிக்கு முந்திய சில கிழமைகள்.

"இனி ஒரு வழிதான் இருக்கு," என்றார் என் கணவர். "வெருட்டிப் பாப்பம்."

காய்க்காத மரத்தை வெருட்டுவது நம்மூரில் உள்ளதுதான். ஒருவர் கோடாலியை ஓங்கிக்கொண்டு, தறிக்கப் போகிறேன் என்று கத்த வேண்டும். மற்றவர் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த ஒருமுறை விட்டுவிடுங்கோ, இனிக் காய்க்கும் என்று கெஞ்ச வேண்டும். மரம் பயந்து காய்க்கும். இளவாலையில் அவருடைய அப்பா ஒரு பலாவை இப்படி வெருட்டியிருக்கிறார். அந்தப் பலா காய்த்ததா என்று கேட்டேன். "அது வேறை கதை," என்றார்.

சனிக்கிழமை காலை, காம்பிங் போக வாங்கிய சின்னக் கோடாலியோடு இறங்கினார். ஷெரினும் அன்று வந்திருந்தாள், போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருக்கு நாடகம் என்றால் உயிர், பங்குக் கோயில் நாடகத்தில் வருஷம் தவறாமல் இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லும் பிலாத்து வேஷம் கட்டுகிறவர்.

"தின்னுறாய், குடிக்கிறாய், ஒரு பிரயோசனமும் இல்லை! இண்டைக்கு உன்னை ரெண்டு துண்டாக்காமல் விடன்!"

"ஐயோ, வேண்டாமப்பா! உங்களைக் கும்பிட்டன்! இந்த ஒருக்கால் விடுங்கோ!" என்று நான் அவர் கையில் தொங்கினேன். எனக்கும் நன்றாகவே வந்தது.

அந்த நேரம் பக்கத்துக் கதவு படாரென்று திறந்தது. ங்கோசி வெறுங்காலோடு, தலையில் துவாயோடு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"பாப்பா ஷெரின்! கோடாலியைக் கீழை போடுங்கோ! பொலிசுக்குப் போன் அடிக்கப் போறன்! மாமா ஷெரின், என்ர பின்னாலை வாங்கோ!"

என் கணவர் கோடாலியைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல விஷயம் இன்னும் மோசமாகக் கேட்டது. ஷெரின்தான் சிரிப்பை அடக்க முடியாமல், "ங்கோசி அன்ரி, தே ஆர் த்ரெட்டனிங் த பீன்!" என்றாள்.

ங்கோசி கொடியைப் பார்த்தாள். கோடாலியைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். துவாய் கழன்று விழுந்தது, வேலியைப் பிடித்துக்கொண்டு, பிறகு புல்லில் இருந்துகொண்டு சிரித்தாள். மே மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "இதென்ன முறை? அது எங்கட ஊர்ச் செடி. தமிழிலை வெருட்டினா அதுக்கு எப்பிடி விளங்கும்?"

கோடாலியை எடுத்து என் கணவரிடம் திரும்பக் கொடுத்தாள். "நீங்கள் ஓங்குங்கோ. மாமா ஷெரின் தள்ளி நில்லுங்கோ. நான் கெஞ்சிறன்."

அவர் ஓங்கினார். அவள் வாளிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்று, தன்னுடைய இக்போ மொழியில் கெஞ்சினாள். சும்மா கெஞ்சல் இல்லை, நெஞ்சில் கை வைத்து, யார் யாருடைய பெயரையோ சொல்லிக் கெஞ்சினாள். முடிவில் எங்களுக்கே கொடியில் இரக்கம் வந்துவிட்டது.

6

கோடாலிக்கும் அடுத்த கிழமை வந்த கடிதத்துக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். எங்கள் வீட்டு வரிசையை நிர்வகிக்கிறவர்களிடம் இருந்து வந்தது. பொது வேலியில் எதையும் கட்டக்கூடாது, மூங்கிலையும் செடியையும் பத்து நாளில் அகற்றவும்.

நான் லீவு போட்டுவிட்டு அவர்களுடைய கந்தோருக்குப் போனேன். மகளின் வயதில் ஒரு பையன் மேசையில் இருந்தான். நெல் கதிர்விடக் குடலை தள்ளினால் பிள்ளைத்தாய்ச்சி என்றுதானே என் கணவர் வீட்டில் சொல்வார்கள். அந்த நினைப்பில், இன்னும் கொஞ்ச நாள் தாருங்கள், "ஷி இஸ் பிரெக்னன்ட்," என்றேன். அவன் பதறிப்போய் எழும்பி எனக்குக் கதிரையை இழுத்துவிட்டு, வாழ்த்துச் சொல்லி, யார் என்று மரியாதையாகக் கேட்டான். அவரைக்கொடி என்று சொல்ல வேண்டி வந்தது. அவன் கனநேரம் கம்பியூட்டரையே பார்த்தான். பிறகு இன்னும் ஐந்து நாள் தந்தான். நல்ல தாய் பெற்ற பிள்ளை.

தவணை முடிகிற அன்று நாலு பேருமாகக் கொடியை மூங்கிலில் இருந்து சுற்றுச் சுற்றாகக் கழற்றினோம். அவர் வாளியைத் தூக்க, நானும் ங்கோசியும் ஷெரினும் கொடியை ஏந்திக்கொண்டு, கோயில் திருநாளில் மாதாவின் சுருவத்தைத் தூக்கி வருவது போல அடிமேல் அடி வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்தோம். ஹோலில் தெற்கு யன்னலடியில் வைத்து, திரைச்சீலைக் கம்பியில் படரவிட்டோம். திரைச்சீலை இனித் தேவையில்லாமல் போய்விட்டது.

அன்றிரவே ஷெரின் ஒஷாவாவுக்குப் போயிருக்க வேண்டியவள், போகாமல் போனில் தேடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இதின்ர ஜீனஸ் பேர் ஸ்பெனோஸ்டைலிஸ். லெகியூம் ஃபமிலி. இது ஆபிரிக்காவின்ர ட்ரொப்பிக்ஸ் செடி. அங்கை பகலும் இரவும் ஓல்மோஸ்ட் ஒரே அளவு. இஞ்சை சமரிலை ஒன்பது மணி மட்டும் வெளிச்சம். எப்ப பூக்கிறதெண்டு இதுக்குத் தெரியேல்லை."

"பாவம், அதுக்கு நித்திரை காணாது," என்றாள் ங்கோசி. இரவு வேலை செய்கிறவளுக்கு அது உடனே விளங்கியது.

அன்றிலிருந்து மாலை ஆறு மணிக்குப் பிறகு ஹோலில் லைட் போடத் தடை. ரிவியும் தடை. என் கணவர் கிரிக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குப் போனார். வந்த விருந்தாளிகளைக் குசினியில் இருத்தினோம். கொடி நித்திரை கொள்கிறது, மெதுவாகக் கதையுங்கோ என்று சொல்லும்போது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போய் என்ன சொன்னார்களோ தெரியாது.

ஒக்ரோபரில் நன்றி நவிலல் விடுமுறைக்கு ஷெரின் வந்தாள். அதற்கு முந்திய கிழமையும் வந்தாள், அதற்கு முந்திய கிழமையும் வந்தாள். என்னைப் பார்க்க வருகிறாள் என்று நான் என்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. வந்ததும் சப்பாத்தைக் கழற்ற முதல் யன்னலடிக்குத்தான் போவாள். காரணம் எதுவாக இருந்தால் என்ன, பிள்ளை வீட்டுக்கு வருகிறாள்.

ஞாயிறு காலை அவள் கத்திய கத்தலில் நான் தேத்தண்ணியைக் கொட்டிவிட்டேன். கம்பியின் மூலையில், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பூ. ஓரம் ரோசா. யாரோ இதழை ஒரு பக்கம் முறுக்கிவிட்டது போல இருந்தது. ங்கோசி வேலை உடுப்போடு வந்து நின்று பார்த்தாள். எங்களுக்கு முகத்தைக் காட்டாமல் பார்த்தாள்.

7

முதல் பூ விழுந்துவிட்டது. இரண்டாவது, மூன்றாவதும் விழுந்தன. நாலாவதும் ஐந்தாவதும் பிஞ்சு பிடித்தன. அதில் ஒன்று சூம்பிப் போனது. மிஞ்சிய ஒன்று சாண் நீளத்துக்கு வளர்ந்தது. ஒரு வீட்டில் நாலு பெரியவர்கள் ஒரு அவரைக்காயைச் சுற்றி வாழ்ந்தோம் என்றால் ஊரில் சிரிப்பீர்கள். ஹீட்டர் காற்று படக்கூடாது என்று துவாரத்தில் மட்டை வைத்தோம். குளிர்ந்த காற்று வரக்கூடாது என்று யன்னல் இடுக்கில் என் பழைய சேலை.

கிறிஸ்மஸ் மரம் வைக்க இடமில்லை. பாலன் குடிலை வாளியடியில் வைத்தோம். மாட்டுக்கும் இடையனுக்கும் மேலே கொடி தொங்கியது. பாட்டுப் பாட வந்த பங்கு ஆட்களில் ஒரு அன்ரி, "என்ன பிள்ளை, அவரைப் பந்தலிலையோ பிறந்தவர்?" என்று கேட்டா. ங்கோசி கேக் வெட்டிக்கொண்டு, எங்கள் ஊரில் பிறந்திருந்தால் இதற்குக் கீழேதான் பிறந்திருப்பார் என்றாள்.

ஜனவரியில் காய் பழுப்பேறியது. முற்றினால் வெடித்துச் சிதறும் என்று என் கணவர் என் நைலோன் காலுறை ஒன்றை அதன்மேல் போட்டுக் கட்டினார். தை பிறந்து இரண்டாவது ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு நறுக்கி எடுத்தார். வெளியே முழங்கால் அளவுக்குப் பனி கொட்டியிருந்தது. காயை நான் தொடவில்லை. ங்கோசியின் கையில் கொடுத்தேன்.

பெருவிரலால் அழுத்தினாள். பொட்டென்று திறந்தது. ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். கோப்பி நிறம், புள்ளி புள்ளி. பதினொன்று. ஷெரின் இரண்டாம் முறை எண்ணினாள், அதே பதினொன்று.

ங்கோசி உடனே போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். திரையில் தலைத்துணி கட்டிய ஒரு மனுஷி வந்தா. ங்கோசி விதையைப் போனுக்கு முன் பிடித்தாள். அந்தப் பக்கம் இருந்து ஒரு கூவல் வந்தது. பிறகு அந்த மனுஷி போனை எங்கேயோ வைத்துவிட்டு ஆடுவது தெரிந்தது. திரையில் கூரையும் ஒரு கையும் மாறி மாறி வந்தன. பிறகு என்னைக் காட்டச் சொன்னா போல, ங்கோசி போனை என் பக்கம் திருப்பினாள். நான் கும்பிட்டேன். அவ கையெடுத்து ஏதோ சொன்னா, அழுதுகொண்டு சொன்னா.

போனை வைத்த பிறகு ங்கோசி விதையைப் பிரித்தாள். நாலை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"இது அக்காவுக்கு. ஊருக்கு அனுப்ப வேணும்."

"ஏன், அவவிட்டை இல்லையோ?"

அவள் இன்னும் நாலைத் தன் பக்கம் இழுத்தாள். மிஞ்சிய மூன்றை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடினாள்.

"அக்கா வேறை காணிக்கு மாறினவ. ரெண்டு முறை விதைக்கேல்லை. கிடக்கிற விதை இன்னும் ஒரு வருஷம் கிடந்தா முளையாது, நீ கொண்டுபோய் நட்டுப் புதிசாய்த் தா எண்டு, இருந்ததை வழிச்சுத் துடைச்சு எனக்குத் தந்து விட்டவ. அவவிட்டை ஒண்டும் இல்லை. மே மாதமே இல்லை."

அவ்வளவும் குக்கரில் போயிருக்கிறது. ஒரு குடும்பம் பரம்பரையாக வைத்திருந்ததை நான் கறிவேப்பிலை போட்டு முடித்திருக்கிறேன். அது தெரிந்துகொண்டுதான் அன்றைக்கு இவள் ருசியாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். கோபத்தில் ஒதுங்கினாள் என்று நான் நினைத்த அவ்வளவு நாளும், என் முகத்தைப் பார்த்தால் உண்மையைச் சொல்ல வேண்டி வந்துவிடுமோ என்று பயந்து ஒதுங்கியிருக்கிறாள்.

"ஏன் எனக்கு அண்டைக்கே சொல்லேல்லை?" என்றேன்.

"சொல்லியிருந்தா," என்றாள் ங்கோசி, "நீங்கள் அதுக்குப் பிறகு ஒருநாளும் எனக்குச் சாப்பாடு அனுப்பியிருக்க மாட்டியள்."

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பெரிதாக அழுதேன். விதை விழுந்துவிடும் என்று என் கணவர் கத்தினார். ஷெரின் என் கையைப் பிரித்து மூன்றையும் பத்திரமாக எடுத்துக்கொண்டாள். ங்கோசி என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"பசிக்குது, மாமா ஷெரின்," என்றாள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.